ஒண்ணு விட்டு ஒண்ணு

பின்சி அக்காவுக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் இந்த உலகத்தில் கிடையாது. பஸ்ஸில் ஜன்னலோரம் யார் உட்கார வேண்டும், பிரியாணியில் உருளைக்கிழங்கு போடலாமா, ஞாயிறு பூசையில் சாமியார் எவ்வளவு நேரம் பிரசங்கம் வைக்கலாம், எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் தயாராக இருக்கும். கேட்காதவர்களுக்கும் சொல்வாள். மூணாறு பஜாரில் ஒரு ஏலக்காய்க் கடையில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்துத் தராசில் நிற்கிறோம். ஆகவே அவளுடைய அபிப்பிராயங்களில் பாதி என் காதில்தான் விழும். மீதி பாதி போனுக்குப் போகும்.

கையெல்லாம் ஏலக்காய்த் தூசியாக இருப்பதால் அவள் போனில் தட்டுவதில்லை. வாயை அதன் பக்கத்தில் கொண்டுபோய்ப் பேசுவாள், அது எழுதிக்கொள்ளும். எங்களைப் போல எஸ்டேட்டில் தமிழ் மீடியம் படித்தவர்களுக்கு மலையாளம் வாயில் வருமே தவிர கையில் வராது. அதனால் அவள் போனில் பாஷை தமிழ்.

அவள் புருஷன் ஜோபி அண்ணனுக்கோ ஒரே ஒரு அபிப்பிராயம்தான். ஜீப் ஓட்டுகிற மனுஷன், அதனால் அது ரோட்டைப் பற்றியது. பள்ளிவாசல் இறக்கத்தில் போன மழைக்கு மண் சரிந்த இடத்தில், கீழே போகிற வண்டிகளின் இரண்டு வரிசையும் ஒரே வரிசையாகச் சேர வேண்டும். சிவப்பு டிரம் வைத்து ரிப்பன் கட்டியிருக்கிறார்கள். நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? டிரம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே எல்லாரும் இடது பக்கம் ஒட்டி நின்றுவிடுகிறார்கள். வலது பக்கம் காலியாகக் கிடக்கும். அதில் ஒருத்தன் வந்தால் போதும், திருடனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள்.

"ரெண்டு வரிசையிலயும் கடைசி வரைக்கும் வரணும். டிரம்முகிட்ட வந்து இங்கன ஒண்ணு, அங்கன ஒண்ணு. ஒண்ணு விட்டு ஒண்ணு போனா எவனுக்கும் நட்டம் இல்ல, வரிசையும் பாதியா கொறையும்," என்பார் ஜோபி அண்ணன். மற்றபடி வாய் திறக்காத ஆள், இதை மட்டும் டீக்கடையில், ஜீப் ஸ்டாண்டில், கல்யாண வீட்டில் என்று போகிற இடமெல்லாம் சொல்வார். ஸ்டாண்டில் அவருக்குப் பக்கத்தில் ஜீப் போடுகிற சகாயம் அண்ணன், "மாப்ள, நீ செத்தாலும் பெட்டிய ஒண்ணு விட்டு ஒண்ணுதான் எறக்கணும்பே," என்று கேலி செய்வார்.

அந்த வியாழக்கிழமை காலையில் கடை திறந்து சாம்பிராணி போட்ட கையோடு பின்சி அக்கா கத்தினாள். "ஏ சிஞ்சு, இங்க ஓடி வாயேன்! எங்க வீட்டுக்காரரு வீடியோல வந்துட்டாரு!"

'மலைப்பாதை நியூஸ்' என்று ஒரு பக்கம். ரோட்டில் குழி, பள்ளத்தில் லாரி, யானை வந்தது, இப்படித்தான் போடுவார்கள். அதில் ஒரு சின்ன வீடியோ. பின்னால் நின்ற காரிலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். இடது பக்கம் வரிசை நீளமாக நிற்கிறது. வலது பக்கத்தில் ஒரு ஜீப் நிதானமாக வந்து, டிரம் அருகில் விளக்கைப் போட்டுக் காட்டிவிட்டு உள்ளே நுழைகிறது. விடமாட்டேன் என்று நெருக்கிய வெள்ளைக் கார் சட்டென்று நிற்கிறது. ஒரு பெண் வீலென்று கத்துகிறாள். அதோடு முடிந்துவிடுகிறது. நம்பர் மேல் சேறு அப்பியிருந்தது. பின்பக்கத் தார்ப்பாயில் பின்சி அக்கா தன் கையால் தைத்துப் போட்ட நீல ஒட்டு மட்டும் நன்றாகத் தெரிந்தது. எங்களைத் தவிர வேறு யாருக்கும் அது அடையாளம் தெரியாது.

மேலே எழுதியிருந்தது: 'மூணாற்றில் ஜீப் குண்டாயிசம். உங்கள் கருத்து என்ன?'

கருத்து கேட்டால் பின்சி அக்கா விடுவாளா? சொந்தப் புருஷனைப் புகழ்ந்தால் ஊர் சிரிக்கும் என்று, யாரோ ஒருத்தரைச் சொல்வது போலப் போனை உதட்டருகே பிடித்துச் சொன்னாள்: "அந்த ஜீப்காரன் கொள்ளாம். எல்லாரும் இப்படித்தான் செய்யணும்."

கொள்ளாம் என்பது எங்கள் ஊரில் காலையிலிருந்து ராத்திரி வரை புழங்குகிற சொல். மலையாளத்தில் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மீன் குழம்பு கொள்ளாம், புதுச் சாமியார் கொள்ளாம், மாப்பிள்ளை கொள்ளாம். அதைத் தமிழில்லை என்று நினைக்கக்கூட எங்களுக்குத் தோன்றாது. அந்த நேரத்தில் ஈரோட்டிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் கடைக்குள் வந்துவிட்டார்கள். அவள் அனுப்புகிற பொத்தானை அழுத்திவிட்டு, போனை அடுப்புத் திட்டில் கரண்டி வைக்கிற மாதிரி கவிழ்த்து வைத்தாள்.

மத்தியானம் சோற்று டப்பாவைத் திறக்கும்போதுதான் போனை எடுத்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, எத்தன பேரு லைக் போட்டிருக்கான்! நான் சொன்னா கேக்க ஆளு இருக்குடி." என்னிடம் நீட்டினாள். நான் படித்தேன். இன்னொரு தடவை படித்தேன்.

'அந்த ஜீப்காரன கொல்லலாம் எல்லாரும் இப்படித்தான் செய்யணும்.'

அந்தப் போனுக்குத் தெரிந்த தமிழில் கொள்ளாம் என்று ஒரு சொல் இல்லை. தனக்குத் தெரிந்ததை எழுதிக்கொண்டது. அதன் கீழே வரிசையாக நின்றார்கள். 'சரியாச் சொன்னீங்க சிஸ்டர்.' 'உள்ளூர்க்காரங்களே வெறுத்துப்போய் சொல்றாங்கன்னா பாருங்க.' 'எங்க நிப்பான்னு மட்டும் சொல்லுங்க, மீதிய நாங்க பாத்துக்கிறோம்.' 'நீல ஒட்டு போட்ட தார்ப்பாய், கண்டுபிடிச்சிடலாம்.' நடுவில் ஒருத்தன் அந்த வெள்ளைக் காரில் கர்ப்பிணி இருந்தாள், கரு கலைந்துவிட்டது என்று எழுதியிருந்தான். காரின் சொந்தக்காரரே, 'எங்கள் வண்டியில் கர்ப்பிணி யாரும் இல்லை, எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று கீழே பதில் போட்டிருந்தார். அவரைச் சீந்துவார் இல்லை. கரு கலைந்த கதைதான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் சொல்லச் சொல்ல பின்சி அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போய்விட்டது. எழுந்த வேகத்தில் டப்பா கவிழ்ந்தது. "மாதாவே, நான் அப்படியா சொன்னேன்? நீ பக்கத்துலதான நின்ன, சொல்லுடி, அப்படியா சொன்னேன்?" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள்.

"அழிங்க முதல்ல," என்றேன். அழித்தாள்.

அழித்தால் போய்விடும் என்று நினைத்தது எங்கள் மடத்தனம். கொஞ்ச நேரத்தில் அதன் படம் வந்தது. யாரோ முன்பே பிடித்து வைத்திருக்கிறான். மேலே சிவப்பு எழுத்தில்: 'உண்மையைச் சொன்ன சகோதரிக்கு மிரட்டல்! ஜீப் குண்டர்களுக்குப் பயந்து கருத்தை நீக்கினார்!' அவளுடைய பெயர் பின்சி என்று தெரிந்தது. முகத்துக்குப் பதில் வேளாங்கண்ணி மாதா படம் வைத்திருந்ததால் ஆளைத் தெரியவில்லை. சகோதரியைக் காப்பாற்ற இப்போது நூறு பேர் கிளம்பியிருந்தார்கள். யாரிடமிருந்து காப்பாற்ற? அவள் புருஷனிடமிருந்து.

"நான் எழுதுதேன். அது எங்க வீட்டுக்காரருதான், நல்லவருன்னுதான் சொன்னேன்னு எழுதுதேன்," என்று மறுபடி போனை எடுத்தாள். நான் பிடுங்கிக்கொண்டேன். "எழுதினா என்ன ஆகும்? புருஷன் பேரு தெரியும், வீடு தெரியும். இப்ப நீல ஒட்டு மட்டுந்தான் தெரியும். சும்மா இருங்கக்கா." அவள் சும்மா இருந்தாள். எந்த விஷயத்திலும் அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

ஜோபி அண்ணனுக்குப் போன் போட்டோம். ரேஞ்ச் இல்லை. காலையிலேயே சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு மேல் எஸ்டேட்டுக்குப் போயிருந்தார். அங்கே காட்டெருமை கிடைக்கும், ரேஞ்ச் கிடைக்காது.

மூன்று மணி இருக்கும். இரண்டு பேர் கடைக்குள் வந்தார்கள். நல்ல சட்டை, நல்ல செருப்பு, மரியாதையான பேச்சு. பின்சி அக்காவிடம் கால் கிலோ ஏலக்காய் கேட்டார்கள். அவள் நிறுத்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் போனை அவள் மூக்குக்கு முன்னால் பிடித்தார். "இந்த ஜீப் எங்க நிக்கும்னு தெரியுங்களா?"

"தெரியாது சார்."

"இந்த பின்சிங்கறவங்கள? உங்க ஊருதான் போல. பாவம், பயந்துட்டாங்க. மாதா படம் வெச்சிருக்கற ஒரு பொம்பள இப்படிச் சொல்றாங்கன்னா அவன் எவ்வளவு அட்டூழியம் பண்ணியிருப்பான்?"

"தெரியாது சார்," என்றாள் மறுபடியும். தராசின் தட்டு டக் டக்கென்று அடித்துக்கொண்டது. அவள் கை அதன் மேல் இருந்தது. உள்ளேயிருந்து முதலாளியம்மா சந்தனமேரி எந்த நேரமும், "பின்சி, மிளகு எங்கட்டி வச்ச?" என்று கூப்பிடலாம். கூப்பிட்டால் தீர்ந்தது. நான் பொட்டலத்தைப் பிடுங்கிக் கட்டி, சில்லறையைக் கொடுத்து அனுப்பினேன். வாசலில் இறங்கும்போது அதில் ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்புதான்.

கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஜீப் ஸ்டாண்டுக்கு ஓடினோம். சகாயம் அண்ணன் விஷயத்தைக் கேட்டதும் பீடியை வீசிவிட்டு, "நீங்க இங்கனயே நில்லுங்க. எவன் கூப்பிட்டாலும் வண்டில ஏறாதீங்க," என்று சொல்லி ஜீப்பை எடுத்துக்கொண்டு மேல் எஸ்டேட் ரோட்டில் போனார். நாங்கள் நின்றோம். வருகிற ஒவ்வொரு வண்டியின் வாலையும் பார்த்தோம். மூடுபனி இறங்க ஆரம்பித்தது. பின்சி அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தாள். மாதாவிடம் என்ன கேட்பது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. "ஆளு வந்தா போதும், ஆளு வந்தா போதும்," என்று மட்டும் உதடு அசைந்தது. நடுநடுவே என் பையிலிருந்த அவள் போன் சிணுங்கும். ஒவ்வொரு தடவையும் இருவரும் துள்ளி விழுவோம். எல்லாம் முன்பின் தெரியாத ஆட்களின் ஆறுதல். 'தைரியமா இருங்க சிஸ்டர், அவனை விடமாட்டோம்.'

இருட்டுவதற்கு முன்னால் சகாயம் அண்ணனின் ஜீப் வந்தது. அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு ஜோபி அண்ணனின் ஜீப். முன் கண்ணாடி இல்லை. தார்ப்பாயை யாரோ கிழித்து எடுத்திருந்தார்கள், நீல ஒட்டோடு. அவர் இடது காதைத் துண்டால் பொத்தியபடி ஒற்றைக் கையால் ஓட்டி வந்தார்.

பின்சி அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். கோபத்தில் இல்லை. நாயிடம் கடிபட்டவன் எந்த நாயைப் பார்த்தாலும் கையை இழுப்பானே, அப்படி.

வியூ பாயிண்டில் நிறுத்தியிருந்தபோது ஏழெட்டுப் பேர் வந்து சூழ்ந்துகொண்டார்களாம். சகாயம் அண்ணன்தான் சொன்னார். ஏற்றி வந்த சுற்றுலாக்காரர்கள் விலக்கவில்லை, இறங்கி நின்று படம் எடுத்தார்களாம்.

ஜோபி அண்ணன் கடைசியாக வாயைத் திறந்தார். "அடிச்சது பெரிசில்ல பின்சி. நம்ம தொழில்ல அடி வாங்காதவன் எவன் இருக்கான். ஒருத்தன் போன நீட்டி, உங்க ஊர்க்காரியே என்ன சொல்லியிருக்கா பாருன்னு வாசிச்சான். பேரப் பாத்தேன். மாதா படத்தப் பாத்தேன். இவள மெரட்டினியாடான்னு கேட்டான். இவ யாருன்னே எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்." துண்டைக் காதில் அழுத்திக்கொண்டார். "தெரியும்னு சொன்னா வீட்டுக்கு வந்துருவாங்க. அதான் சொன்னேன். எதுக்கு பின்சி அப்படி எழுதின?"

அவள் அங்கேயே, ஸ்டாண்டின் நடுவில், எல்லார் முன்னாலும் உட்கார்ந்து அழுதாள். "கொள்ளாம்னுதாங்க சொன்னேன். நீங்க கொள்ளாம்னு சொன்னேன்." நான் போனை எடுத்து, "சொல்லுங்கக்கா, அதே மாதிரி சொல்லுங்க," என்றேன். அழுகையோடு சொன்னாள். போன் மறுபடியும் கொல்லலாம் என்றே எழுதியது. அதை அவரிடம் காட்டினேன். துண்டை எடுக்காமல் குனிந்து படித்தார்.

"சரி," என்றார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நான் நேரில் கேட்டவள். அந்தச் சொல்லை என் காதால் கேட்காமல், அத்தனை பேர் சூழ்ந்து நிற்க, எழுத்தில் மட்டும் பார்த்திருந்தால் நானே நம்பியிருப்பேனா என்பதும் தெரியாது.

போலீஸுக்குப் போகலாம் என்று சகாயம் அண்ணன் சொன்னதற்கு, ஜோபி அண்ணன் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். கேஸ் கொடுத்தால் பெயர் வெளியே வரும், முகம் வெளியே வரும், பிறகு மனைவியும் வெளியே வருவாள். அவர் கணக்கு அதுதான். அன்றைக்கு எங்களுக்கும் அதுதான் சரி என்று பட்டது.

மறுநாள் காதில் ரீங்காரம் நிற்கவில்லை, கொஞ்சம் நீரும் வடிந்தது. அடிமாலியில் காது டாக்டரிடம் காட்ட வேண்டும். பஸ்ஸில் போகலாம் என்றாள் பின்சி அக்கா. பஸ்ஸில் முகம் பார்க்கிறவர்கள் அதிகம் என்று அவர் மாட்டேன் என்றார். கடன் வாங்கிய முன் கண்ணாடியை மாட்டி, வேறு பழுப்புத் தார்ப்பாய் போட்டு, அதே ஜீப்பில் கிளம்பினோம். அவர் ஓட்டினார், பக்கத்தில் அவள், பின்னால் நான். பயப்படாதே மாப்ள, அடிமாலி வரைக்கும் வால் மாதிரி வாரேன் என்று சகாயம் அண்ணன் தன் ஜீப்பில் பின்னாலேயே வந்தார். அன்றைய கூலி அவருக்குப் போயிற்று. ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

பள்ளிவாசல் இறக்கத்தில் வழக்கம் போல வரிசை. இடது பக்கம் வளைவு தாண்டி நின்றது. வலது பக்கம் காலி. ஜோபி அண்ணன் இடது வரிசையின் கடைசி வண்டிக்குப் பின்னால் போய் நிறுத்தினார். எங்களுக்கும் சகாயம் அண்ணனுக்கும் நடுவில் மூன்று நான்கு கார்கள் புகுந்துவிட்டன. வண்டிகள் அட்டைப்பூச்சி மாதிரி நகர்ந்தன. ஜோபி அண்ணன் தொப்பியைப் புருவம் வரை இறக்கிக்கொண்டார். எதிரே ஏறி வருகிற வண்டியில் யாராவது கண்ணாடியை இறக்கினால் முகத்தை எங்கள் பக்கம் திருப்பினார். காது வலித்திருக்க வேண்டும், தாடை இறுகிக்கொண்டே இருந்தது.

டிரம் கிட்டத்தில் வந்தபோது வலது பக்கம் ஒரு ஜீப் வந்து எங்களுக்கு இணையாக நின்றது. சகாயம் அண்ணன். எங்களைக் கண்ணில் காணாமல் பதறிப்போய், காலி வரிசையில் இறங்கி வந்திருக்கிறார். இடது பக்கம் திரும்புகிறேன் என்று காட்டுகிற விளக்கை ஒழுங்காகப் போட்டிருந்தார். ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, "மாப்ள, நான் ஒனக்கு முன்னால போறேன், நீ என் பின்னாலயே வா, எவனும் ஒன்ன மறிக்க முடியாது," என்று கத்தினார். ஒருத்தர் முன்னால் போக இடம் விட வேண்டும், அவ்வளவுதான். உலகத்தில் வேறு யார் விடாவிட்டாலும் ஜோபி அண்ணன் விடுவார் என்ற நம்பிக்கையில் வண்டியின் மூக்கைத் திருப்பிவிட்டார்.

பின்னாலிருந்து ஹாரன்கள் ஆரம்பித்தன. ஒன்று, பிறகு எல்லாம். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்ற கார்களின் கண்ணாடிக்குள் போன்கள் ஒவ்வொன்றாக உயர்ந்தன.

"விடுங்க, சகாயம் அண்ணன்தான். எடம் விடுங்க," என்றாள் பின்சி அக்கா.

ஜோபி அண்ணன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முன்னால் நின்ற காரின் மேல் முட்டுகிற அளவுக்கு ஜீப்பை நகர்த்தினார். ஒரு ஆள் நுழையக்கூட இடம் இல்லாமல் நெருக்கினார்.

"என்னங்க இது, ஒங்கள காப்பாத்த வந்த மனுஷங்க!" என்று அவள் அவர் தோளைப் பிடித்து அடித்தாள். அவர் இன்னும் நெருக்கினார். சகாயம் அண்ணன் சட்டென்று பிரேக் போட்டார். டிரம் ஒன்று உருண்டது. அவர் முகத்தை நான் பார்த்தேன். கோபம் கூட இல்லை, கேள்விதான் இருந்தது. பிறகு அவர் ஜீப் எங்களுக்குப் பின்னால் போய்விட்டது. யாரோ ஒருத்தன் காரிலிருந்து இறங்கி அவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள்.

எங்கள் வண்டி குறுகிய வழிக்குள் நுழைந்தது. ஜோபி அண்ணன் மேலே இருந்த கண்ணாடியில் வெகு நேரம் பின்னால் பார்த்தார். பிறகு, நேற்றிலிருந்து விடாத மூச்சை விட்டார்.

"நம்மள இல்ல பின்சி. சகாயத்ததான் வீடியோ எடுக்காங்க," என்றார்.